மின்னசோட்டாவில் வாழப் பன்னிரண்டு காரணங்கள்

ஜனவரி 11, சனி

மாமா போயி மூணு நாளாச்சு. வீட்டுல யாரும் பேசிக்கிறதில்ல. பேசுனா அழுகை வருது, அழுதா இனியா பயப்படுறா. ஏழு வயசுப் பிள்ளை, அதுக்கு எம்புட்டுத்தான் தாங்கும். அதான் எழுதியாவது தொலைப்போம்னு இந்த டைரியைத் தேடி எடுத்தேன்.

இது எங்களுக்கு அமெரிக்காவுல இந்த வீட்டை வித்துக் கொடுத்த ஏஜென்ட் பொம்பளை வருஷா வருஷம் தபால்ல அனுப்புறது. அட்டையில ஏரிப் படம். "மின்னசோட்டாவில் வாழப் பன்னிரண்டு காரணங்கள்"னு இங்கிலீஷ்ல பெருசாப் போட்டு, மாசத்துக்கு ஒரு காரணம், அதுக்கு ஒரு படம். ஜனவரியில, உறைஞ்ச ஏரி மேல நாற்காலி போட்டு ஒரு தாத்தாவும் பேத்தியும் தூண்டிலைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்காக. கீழ, "குளிர்காலம் குடும்பத்தை நெருக்கமாக்கும்." நல்லா ஆக்குச்சு போ.

நடந்ததை ஒழுங்கா எழுதி வச்சுக்கிறேன். யார் கேட்டாலும் ஒண்ணு போலச் சொல்லணும்ல. வியாழக்கிழமை காலையில அஞ்சரைக்கே காளி வேலைக்குக் கிளம்பிட்டாரு. காளிராஜ், என் வீட்டுக்காரரு. இந்த நோட்டுல மட்டும் பேரைச் சொல்லிக்கிறேன், நேர்ல 'ஏங்க'தான். ஏழேகாலுக்கு இனியாவை ஸ்கூல் பஸ்ல ஏத்திவிட்டேன். ஏழேமுக்காலுக்கு நானும் மருந்துக்கடை வேலைக்குப் போயிட்டேன். போகும்போது மாமா, அதாவது காளியோட அப்பா, சோபாவுல உக்காந்து டிவி பாத்துக்கிட்டு இருந்தாக. நான் போன பிறகு தானாவே வெளிய வந்து வாசல் பனியைத் தள்ளியிருக்காக. எட்டேகாலுக்குப் பக்கத்து வீட்டு டேல் பாத்தப்ப பனி மேல குப்புறக் கிடந்தாகளாம். ஆம்புலன்ஸ் வந்துச்சு. மாரடைப்புன்னுட்டாக. அறுபத்தெட்டு வயசு.

அவ்வளவுதான் நடந்தது.

ஜனவரி 12, ஞாயிறு

காளி சோத்துல கைய வைக்க மாட்டேங்காரு. ரசத்தை ஊத்திப் பிசைஞ்சு கொடுத்தேன், தட்டைத் தள்ளி வச்சுட்டாரு.

"முந்தின நாளே சொன்னேன், காலையில பனியைத் தள்ளிட்டுத்தான் போவேன்னு. எந்திரிக்க லேட்டாயிருச்சு. என் வண்டி உசரமா இருக்கவும் ஏத்திக்கிட்டுப் போயிட்டேன். நான் தள்ளியிருந்தா அப்பா அதைத் தொட்டிருக்கவே மாட்டாரு. நான்தான் கொன்னுட்டேன்."

என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "அப்படியெல்லாம் சொல்லாதீங்க, அவுக நேரம் அம்புட்டுத்தான்"ன்னேன்.

இன்னும் பாத்துக்கிட்டே இருந்தாரு. பிறகு, "உன் கார் தாழ்வாச்சே. அம்புட்டுப் பனியில எப்படி எடுத்த?"ன்னு கேட்டாரு.

"முன்ன பின்ன நாலு தடவை ஓட்டி எப்படியோ எடுத்துட்டேன்"ன்னேன்.

"ம்"ன்னாரு. மதியம் முழுக்க பாத்ரூமைத் தேச்சுத் தேச்சுக் கழுவுனேன்.

ஜனவரி 13, திங்கள்

இன்னைக்கு எரிச்சாச்சு. உடம்பை ஊருக்கு அனுப்ப ரெண்டு வாரம் ஆகும்னாக. காளியோட அண்ணன் குருசாமி, நான் பெரியத்தான்னு கூப்பிடுறவரு, கோவில்பட்டியில இருந்து போன்லயே அழுதுக்கிட்டு "அங்கயே முடிச்சிருங்கடா"ன்னுட்டாரு. கொள்ளிச் சட்டியும் இல்ல, குடம் உடைக்கலும் இல்ல. காளியைக் கூப்பிட்டு ஒரு பொத்தானை அமுக்கச் சொன்னாக. அமுக்குனாரு. அமுக்கிட்டு விரலைப் பேண்ட்டுல துடைச்சாரு.

மொத்தம் எட்டுப் பேரு வந்திருந்தோம். முப்பத்திரண்டு வருஷம் கவர்மெண்ட் பஸ் ஓட்டுன மனுஷன், ஊர்ல செத்திருந்தா டிப்போவே திரண்டு வந்திருக்கும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இனியா "ஏம்மா கோலம் போடல"ன்னு கேட்டா. "இந்தப் பனியில எங்கடி போடுறது, போயி ஹோம்வொர்க்கப் பாரு"ன்னு கத்திட்டேன். பாவம் பிள்ளை.

மாமா இங்க வந்ததே என்னாலதான். காளி ஒரு வார்த்தை கூப்பிடல. வாய்ஸ் மெசேஜ் போட்டுப் போட்டு வரவச்சது நான்தான். "மாமா, ஏரின்னா இதுதான் ஏரி. இது மாதிரி பத்தாயிரம் இருக்காம் இங்க. நம்ம ஊர்க் கண்மாய் எல்லாம் இதுக்கு முன்னால குட்டை. பின்வாசல்ல இருந்து இருபது எட்டு வச்சா தண்ணி. மே மாசத்துல கூட வேர்க்காது. ஊட்டியெல்லாம் பிச்சை வாங்கணும்." இப்படி. கொசுவைப் பத்தி மட்டும் வாயைத் திறக்கல. கோவில்பட்டியில தண்ணி லாரிக்குக் குடத்தோட நின்னு வளந்தவ நான், எனக்கு இந்த ஏரியைப் பத்திப் பீத்திக்கிறதுல ஒரு சந்தோஷம்.

ஜூன்ல வந்தாக. வந்த அன்னைக்கே ஏரியைப் பாத்துட்டு, "ஏம்மா செம்பகம், இம்புட்டுத் தண்ணியையும் யாரும்மா குடிக்கிறது?"ன்னு கேட்டாக. டேலோட சேந்து தூண்டில் போடுவாக. இவுகளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, ரெண்டு பேரும் மணிக்கணக்கா உக்காந்திருப்பாக. பிடிச்ச மீனைத் திரும்ப ஏரியில விடுறாரேன்னு மாமாவுக்கு மட்டும் ஆத்திரம். "கோட்டிக்காரனா இருப்பான் போல"ம்பாக.

ஊருக்குத் திரும்ப நவம்பர்ல டிக்கெட். நான்தான் விசாவை நீட்டி மார்ச்சுக்கு மாத்தச் சொன்னேன். "அமெரிக்கா போயிட்டுப் பனி பாக்காம வந்தேன்னு சொன்னா ஊர்ல சிரிப்பாக மாமா"ன்னு சொன்னேன். அப்போ எனக்கும் கடையில முழுநேர வேலை கிடைச்சிருந்துச்சு, சாயங்காலம் இனியாவைப் பஸ்ல இருந்து இறக்கிக் கூட்டிட்டு வர ஆள் இல்லாம இருந்துச்சு. அது வேற விஷயம்.

ஜனவரி 15, புதன்

இன்னைக்கும் காளி, "நான்தானே கொன்னேன், செம்பகம்?"ன்னு கேட்டாரு. நாலு நாளா இதே பேச்சு. மனுஷன் அரைப் பைத்தியமாயிட்டாரு. இனியும் இதை உள்ள வச்சுக்கிட்டுத் திரிய முடியல, இங்கயாவது எழுதிருறேன்.

நான்தான் மாமாவைத் தள்ளச் சொன்னேன்.

ரோட்டுல பனி வழிக்கிற லாரி போச்சுன்னா, ரோட்டுப் பனியை எல்லாம் நம்ம கார் பாதை வாயில வரப்புக் கட்டுன மாதிரி ஒதுக்கிட்டுப் போயிரும். முழங்கால் உசரம், கல்லு மாதிரி. என் கார் ஏறவே ஏறாது. எட்டு மணிக்குக் கடையில நிக்கணும், இந்த மாசத்துல ரெண்டு தடவை ஏற்கெனவே லேட்டு, மேனேஜர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. "மாமா, அந்த வாயில கிடக்கிறதை மட்டும் கொஞ்சம் தள்ளி விடுறீகளா"ன்னு கேட்டேன். அவுகளும் சரிம்மான்னு வந்தாக. நான் காருக்குள்ள ஹீட்டரைப் போட்டு உக்காந்திருந்தேன். வழி விட்டதும் போயிட்டேன். அவ்வளவுதான். வீட்டு மனுஷன்கிட்ட ஒரு வேலை சொல்றது ஊர் உலகத்துல நடக்காததா?

ஆஸ்பத்திரியில போலீஸ்காரர் கேட்டாரு, கடைசியா எப்போ பாத்தீங்கன்னு. பக்கத்துல காளி நின்னுக்கிட்டு இருந்தாரு. என் வாயி தானா, "சோபாவுல டிவி பாத்துக்கிட்டு இருந்தாக"ன்னுச்சு. யோசிச்சுச் சொன்ன பொய்யில்ல. சொன்ன பிறகு அதைத் திரும்ப எப்படி முழுங்குறது? இப்போ காளிகிட்டச் சொன்னா இந்தக் குடும்பம் இருக்குமா? ஊர்ல என்னைக் கொலைகாரின்னுதான் சொல்லுவாக. எங்கம்மா பெரியத்தான் இருக்கிற தெருவுலதான் இருக்கு, அது எப்படி வெளிய தலை காட்டும்?

ஆனா காளி தன்னைத் தானே கொன்னுக்கிட்டு இருக்காரு. அதையும் பாக்க முடியல. சொல்லிரணும். இந்த வாரத்துக்குள்ள சொல்லிரணும்.

ஜனவரி 16, வியாழன்

சாம்பலை வாங்கியாச்சு. கறுப்புப் பிளாஸ்டிக் டப்பா, மேல மாமா பேரு "சீனிச்சாமி"ன்னு ஸ்டிக்கர், உள்ள தடிச்ச கவர். கோதுமை மாவு ரெண்டு கிலோ இருக்கிற கனம்.

பெரியத்தான் வீடியோவுல, "எலும்பைக் காட்டுலே"ன்னாரு. காளி கவரைத் தூக்கிக் காட்டுனாரு. "இது என்னலே மாவு மாதிரி இருக்கு, எலும்பு எங்க?" இங்க எலும்பையும் சேத்து அரைச்சுத்தான் கொடுப்பாகன்னு காளி சொன்னதும், அந்தப் பக்கம் பெரியத்தான் தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு. நான் அடுப்படிக்குப் போயிட்டேன்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சொந்தக்காரவுக எல்லாம் அங்க கூடுறாக, அதுக்குள்ள கரைச்சாகணும்னு உத்தரவு. ஊருக்குக் கொண்டு போக வழியில்ல, காளியோட பாஸ்போர்ட்டு புதுப்பிக்கப் போயிருக்கு, வர மாசமாகும். கரைக்கணும்னா இந்த ஏரியிலதான் கரைக்கணும். ஏரி ஒண்ணரை அடிக்கு ஐஸா உறைஞ்சு கிடக்கு, மேல லாரி ஓட்டிக்கிட்டுப் போறான்.

ஜனவரி 17, வெள்ளி

காளி இறப்புச் சான்றிதழ் வாங்க டவுனுக்குப் போயிருந்தாரு. அப்போ டேல் வந்தாரு. உருளைக்கிழங்கை மேல அடுக்கி, உள்ள மாட்டுக்கறி போட்டு ஓவன்ல வேகவச்ச ஒரு தட்டு. இங்க யாரு வீட்டுல சாவுன்னாலும் பக்கத்து வீட்டுக்காரவுக இதைத்தான் கொண்டாந்து கொடுப்பாகளாம். துக்க வீட்டுல கறி ஆகாதுன்னு அவருகிட்ட எப்படிச் சொல்ல? வாங்கி வச்சுக்கிட்டேன். அறுபது வருஷமா இந்த ஏரிக்கரையில இருக்கிற ஆளு. மீசையில ஐஸ் ஒட்டியிருந்துச்சு, கண்ணு கலங்கியிருந்துச்சு.

கரைக்கணும்ங்கிற விஷயத்தை அவருக்குச் சொன்னேன். "நான் ஐஸ்ல துளை போட்டுத் தர்றேன். எங்கிட்ட மெஷின் இருக்கு, ரெண்டு நிமிஷ வேலை. சீனிக்கு நான் இதைக்கூடச் செய்யாட்டா எப்படி?"ன்னாரு. எனக்கு அழுகை வந்திருச்சு.

பிறகு அவரே சொல்றாரு, "அன்னைக்குக் காலையில ஜன்னல்ல இருந்து பாத்தேன். நீங்க கார்ல போறப்போ சீனி ரோட்டுல நின்னு உங்களுக்குக் கை காட்டிக்கிட்டு இருந்தாரு. கார் திரும்புற வரைக்கும் காட்டுனாரு. நல்லபடியா விடை கொடுத்துட்டாருன்னு நினைச்சுக்கோங்க."

இந்த ஆளு காளியைப் பாத்தா இதைச் சொல்லிருவாரு. ஆறுதல் சொல்றதா நினைச்சே சொல்லிருவாரு. "ரொம்ப நன்றி, இது எங்க சடங்கு, நாங்களே பாத்துக்கிறோம், நீங்க வர வேண்டாம்"ன்னு படபடன்னு சொல்லிக் கதவுப் பக்கம் நகத்திக்கிட்டே போனேன். வாசல்ல நின்னும் ஏதோ சொல்லிக்கிட்டே இருந்தாரு, ஓடை, ஐஸ், கவனம் அப்படின்னு. நான் தலையை ஆட்டி ஆட்டிக் கதவைச் சாத்திட்டேன்.

கறித் தட்டு இன்னும் அடுப்படி மேடையிலதான் இருக்கு.

ஜனவரி 18, சனி

இன்னைக்கு எழுத்து கோணலாத்தான் வரும்.

காலையில காளி பெரியத்தான்கிட்டப் பேசுனாரு. ஐஸ்ல துளை போட்டு உள்ள விடலாமான்னு கேட்டதுக்கு, "குழி தோண்டி உள்ள போட்டா அது புதைக்கிறதுலே. நம்ம என்ன புதைக்கிற ஆளா? ஓடுற தண்ணியில விடு. ஓடாத தண்ணியில விட்டா அப்பா அங்கனயே கிடப்பாரு"ன்னு கத்துனாரு. காளி போனை வச்சுட்டு, "டேலைக் கேட்டுப் பாக்கவா, ஓடுற தண்ணி எங்க இருக்கும்னு"ன்னாரு.

நான் முந்திக்கிட்டேன். "அவரு எதுக்கு? வடக்கோரத்துல ஓடை வந்து ஏரியில சேருதுல்ல, அங்க உறையாம ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. இங்க இருந்தே தெரியுது பாருங்க"ன்னு அடுப்படி ஜன்னல்ல கையைக் காட்டுனேன். வெள்ளையில ஒரு கறுப்புத் தண்ணி, மேல ஆவி. அதைக் காட்டுனது நான். இந்தக் கை.

இனியாவை அவ சிநேகிதி வீட்டுல விட்டுட்டு மதியம் பன்னிரண்டுக்குப் போனோம். ஏரிக்கு நடுவுல கூடாரம் போட்டு ஆளுக மீன் பிடிச்சுக்கிட்டு இருந்தாக, பிள்ளைக சறுக்கி விளையாடுதுக. லாரி நிக்கிற ஐஸு நம்மளைத் தாங்காதான்னுதான் ரெண்டு பேரும் நினைச்சோம். ஓடுற தண்ணிக்குப் பக்கத்துல ஐஸு அடியில அரிச்சுப் போயிருக்கும்னு எங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? சொல்ல வந்தவரைத்தான் நான் கதவைச் சாத்தி அனுப்பிட்டேனே.

தண்ணிக்கு முப்பது அடி இருக்கையில எனக்குக் கால் கூசுச்சு. மேல பனி ஈரமா இருந்துச்சு. "இங்க இருந்தே வீசுங்க, போதும்"ன்னேன்.

காளி திரும்பிப் பாத்தாரு. டப்பாவைத் திறந்து கவரை நெஞ்சோட பிடிச்சிருந்தாரு. "கொன்னவன் நான். நான்தான் கொண்டு போயி விடணும். நீ எதுக்கு வர்ற? நீ என்ன பண்ணுன?"

நின்னாரு. சும்மா நின்னாரு, என் பதிலுக்கு. இப்போ சொல்லிருவோம்னு வாயைத் திறந்தேன். "பிள்ளை இருக்கா, பாத்துப் போங்க"ன்னுதான் வந்துச்சு.

பத்து எட்டு வச்சிருப்பாரு. பெரிய சத்தமெல்லாம் இல்ல. பொத்துனு காளி இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டாரு. கவர் கையில இருந்து பறந்து ஐஸ் மேல விழுந்து கிழிஞ்சு, மாமா அப்படியே சிதறிட்டாக. கொஞ்சம் தண்ணியில, மிச்சமெல்லாம் ஐஸ் மேல. நான் கத்துறேன், என் கத்து எனக்கே கேக்கல. காளி விளிம்பைப் பிடிக்காரு, பிடிக்கப் பிடிக்க உடையுது. சாம்பலுக்குள்ள கையை வச்சு வச்சு ஏறப் பாக்காரு.

டேல்தான் கூடாரத்துல இருந்து ஓடி வந்தாரு. எழுபது வயசு ஆளு, குப்புறப் படுத்துத் தவழ்ந்து போயி கயித்தை வீசுனாரு. இன்னும் ரெண்டு பேரு வந்து இழுத்துப் போட்டாக. டேல் என்னைப் பாத்து, "நேத்தே சொன்னேனே, ஓடைப் பக்கம் மட்டும் போகாதீங்கன்னு!"ன்னாரு. காளி பல்லு கிட்டிக்கிட்டு நடுங்கிக்கிட்டே அதைக் கேட்டாரு.

வீட்டுக்குக் கொண்டு வந்து கம்பளியைச் சுத்தி உக்கார வச்சோம். டேல் அவரு தோளைத் தடவிக்கிட்டு, நான் எதுக்குப் பயந்தேனோ அதைச் சொன்னாரு. கார் போற வரைக்கும் சீனி கை காட்டிக்கிட்டே நின்ன கதையை.

காளி என்னைத் திரும்பிப் பாக்கக் கூட இல்ல. ஆச்சரியப்படவும் இல்ல. "தேங்க்ஸ் டேல்"ன்னு மட்டும் சொன்னாரு.

ஜனவரி 19, ஞாயிறு

பனி கொட்டுது. ஐஸ் மேல சாம்பல் நிறமாத் தெரிஞ்ச இடம் மதியத்துக்குள்ள வெள்ளையாயிருச்சு. காளிக்குக் காய்ச்சல் இல்ல, கால்ல மட்டும் ரெண்டு விரல் மரத்துக் கிடக்கு. பெரியத்தானுக்குப் போன் போட்டு "ஓடுற தண்ணியில கரைச்சாச்சுண்ணே"ன்னாரு.

ஜனவரி 20, திங்கள்

இனியா ஸ்கூல் இன்னைக்கு லீவு. மாடியில விளையாண்டுக்கிட்டு இருந்தா. நான் துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். காளி பக்கத்துல வந்து உக்காந்து போனை நீட்டுனாரு. வாசல் காலிங் பெல்லுல இருக்கிற கேமரா எடுத்த வீடியோ. ஒன்பதாம் தேதி, ஏழு முப்பத்தெட்டு.

அதுல சத்தமும் பதியும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அது நினைப்புக்கு வரல, அதுதான் நிஜம்.

வீடியோவுல மாமா குரங்குக் குல்லாவைப் போட்டுக்கிட்டு வாசப்படியில நிக்காக. "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதும்மா. ஒரு வாய் காப்பியைக் குடிச்சிட்டுத் தள்ளவா?"

பின்னால இருந்து என் குரல். "வீட்டுல சும்மாதான மாமா இருக்கீக. அஞ்சு நிமிஷ வேலை. வந்து குடிங்க, எனக்கு நேரமாகுது."

"சரிம்மா, சரிம்மா"ன்னுக்கிட்டு இறங்குறாக.

இதை நான் இங்க எழுதலைல்ல. புதன்கிழமை எல்லாத்தையும் எழுதிட்டேன்னு நினைச்சேன். காப்பி கேட்டதை எழுதல. நெஞ்சு அடைக்குதுன்னதை எழுதல. மறந்துட்டேன்னு சொல்ல மாட்டேன். மறக்கல.

"எப்போ பாத்தீங்க?"ன்னு கேட்டேன்.

"மூணாம் நாளே."

"அப்புறம் எதுக்கு நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்னு..."

"'நீங்க இல்ல, நான்தான்'னு நீ சொல்லுவியான்னுதான்" அப்படின்னாரு. "ஒரு தடவையாவது சொல்லுவியான்னு பாத்தேன். ஒவ்வொரு நாளும் வழி விட்டேன். ஐஸ் மேல கூட நின்னு பாத்தேன்."

காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். தெரியாம நடந்துபோச்சுங்க, வேணும்னு செஞ்சேனா, கடைக்கு லேட்டுன்னு பதட்டத்துல சொல்லிட்டேன்னு என்னென்னவோ சொன்னேன். காளி காலை இழுத்துக்கிட்டாரு. "வேலை சொன்னதுக்கு உன் மேல கோவம் இல்ல செம்பகம். நானும்தான் தள்ளாமப் போனேன். அவரைக் கொன்னது பனியோ, நீயோ, நானோ, அது என்னமோ போகட்டும். பத்து நாளா நான் சாகுறதைப் பாத்துக்கிட்டு இருந்தேல்ல, அதைத்தான் என்னால தாங்க முடியல."

நான் மடிச்ச துணியை எல்லாம் கலைச்சுத் திரும்ப மடிச்சேன்.

ஜனவரி 22, புதன்

மைனஸ் முப்பது. காளி இனியா ரூம்ல படுத்துக்கிறாரு. சோறு போட்டா சாப்பிடுறாரு, உப்பு இருக்கா இல்லையான்னு கூடச் சொல்லல. டைரியில பிப்ரவரிப் பக்கத்தைப் பாத்தேன், "நல்ல அண்டை வீட்டார்"னு போட்டு ரெண்டு வீட்டுக்காரவுக காப்பி குடிக்கிற படம். டேலோட தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுக்கணும். எந்த மூஞ்சியோட போவேன்?

ஜனவரி 24, வெள்ளி

பதினாறாம் நாள். இங்க காலை எட்டு மணிக்கு பெரியத்தான் போன் போட்டாரு, அங்க சாயங்காலம் ஏழரை. விசேஷம் முடிஞ்சு எல்லாரும் சாப்பிட்டாச்சாம். காளி போனை ஸ்பீக்கர்ல போட்டு அடுப்படி மேடையில வச்சாரு. வேணும்னே வச்ச மாதிரிதான் இருந்துச்சு. நான் அடுப்புப் பக்கம் நின்னேன்.

எடுத்த எடுப்புல பெரியத்தான், "ஏலே காளி, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு"ன்னாரு. "அப்பா யாரும் சொல்லாம எந்த வேலையையும் தொடுற ஆளில்ல. அந்தக் குளிர்ல அவரை யாரு வேலை செய்யச் சொன்னா? இங்க பொம்பளைக எல்லாம் உன் பொண்டாட்டியைத்தான் சொல்லுறாளுக. அத்தை வாய்விட்டே கேட்டுட்டா, வேலைக்காரனாவா எங்கண்ணனைக் கூட்டிட்டுப் போனாகன்னு."

பின்னால மாமாவோட தங்கச்சி அழுகுறது கேட்டுச்சு. எத்தனையோ பேரு மூச்சு விடுறது கூடக் கேட்ட மாதிரி இருந்துச்சு.

காளி போனைப் பாக்கல. என்னைப் பாத்தாரு. கோவமா இல்ல. பதினாலு வருஷத்துக்கு முந்திப் பொண்ணு பாக்க வந்தப்ப, என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டுட்டுப் பதிலுக்குப் பாத்தாரே, அப்படிப் பாத்தாரு. ஒரு வார்த்தை போதும். "நான்தான் அத்தான்". அவ்வளவுதான். எங்கம்மா மூஞ்சி, எங்க தெரு, எல்லாம் கண்ணு முன்னால வந்துச்சு. அடுப்பைத் துடைச்சேன். துடைச்ச இடத்தையே துடைச்சேன்.

"லைன்ல இருக்கியாலே?"

"இருக்கேன்ணே" அப்படின்னாரு காளி. இன்னும் ஒரு நிமிஷம் பாத்தாரு. பிறகு போன் பக்கம் குனிஞ்சாரு. "நான்தான்ணே சொன்னேன். நெஞ்சு அடைக்குது, காப்பி குடிச்சிட்டுப் போறேன்னாரு. எனக்கு வேலைக்கு நேரமாச்சு. முதல்ல தள்ளுங்கன்னு சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் அழுகை கூட நின்னு போச்சு.

"நீயெல்லாம் ஒரு மகனாலே"ன்னாரு பெரியத்தான், மெதுவாத்தான் சொன்னாரு. "கடைசியில காப்பி கூடக் கொடுக்காமயா அனுப்புன? இனி எனக்குத் தம்பின்னு யாரும் கிடையாது. நான் செத்தாலும் நீ வரக்கூடாது. இந்த வாசப்படியை மிதிச்சிராத." வச்சுட்டாரு.

காளி போனை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. "இதுக்கும் சொல்லலைல்ல"ன்னாரு. வேலைக்குப் போறேன்னு கோட்டை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. வாசல் பனியை அவரே தள்ளுனாரு. என் கார் போற அளவுக்கும் சேத்துத் தள்ளிவிட்டுட்டுத்தான் போனாரு.

மணி ஒன்பதாகப் போகுது. அங்க எட்டரை, யாரும் தூங்கியிருக்க மாட்டாக. பெரியத்தான் நம்பரு எனக்கு மனப்பாடம். போன் பக்கத்துலதான் கிடக்கு. நான் எழுதிக்கிட்டு உக்காந்திருக்கேன்.